அரை கிளட்ச்

"ஓட்டுநரின் கை பொருந்தவில்லை" என்றது பெட்டி.

செண்பகவல்லி முதலில் அதைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. கடைகடையாகக் கடலைமிட்டாய் போடுவதற்கு எட்டு வருஷமாக அவள் ஓட்டுகிற கார் அது. ஒரு கோழியைக்கூட அடித்ததில்லை. ஆக்சிலேட்டரை அழுத்தினாள். கார் அவள் பேச்சைக் கேட்கவில்லை. தானாகவே வேகம் குறைந்து, பைபாஸிலிருந்து சர்வீஸ் ரோட்டுக்கு இறங்கி, ஓரமாக நின்றது. டிரைவர் பக்கக் கதவு மட்டும் டக்கென்று பூட்டிக்கொண்டது.

பின்சீட்டில் தலையணைகளுக்கு நடுவே சாய்ந்திருந்த தம்பி பூவலிங்கம் கண்ணைத் திறந்தான். "என்னக்கா, ஆஸ்பத்திரி வந்துருச்சா?"

"இல்லடா. மாமியா கோவிச்சுக்கிட்டா."

சட்டம் அன்றைக்குக் காலையில்தான் அமலுக்கு வந்திருந்தது. லைசென்ஸ் இல்லாமல் ஓட்டினால் முன்பெல்லாம் அபராதம். அதையும் மடித்துக் கையில் வைத்தால் பாதியில் முடிந்துவிடும். இப்போது மூன்று வருஷம் சிறை. வண்டியை நசுக்கி எடைக்குப் போட்டுவிடுவார்கள். "சட்டம் கடுமைதான், பிடிக்கிறது யாரு?" என்று கேட்காத டீக்கடை இல்லை. நம் ஊரில் சட்டத்துக்குக் கை உண்டு, அந்தக் கையில் எதையாவது வைக்கவும் முடியும் என்பது பச்சைப்பிள்ளைக்கும் தெரியும். அதனால்தான் கையே இல்லாத ஒன்றிடம் வேலையை ஒப்படைத்தார்கள். ஸ்டீயரிங்குக்கு அடியில் சோப்பு டப்பா அளவில் ஒரு பெட்டி, ஓட்டுவது லைசென்ஸ் வாங்கிய கைதானா என்று பார்க்க. அரசாங்கம் அதற்கு வைத்த பெயர் ஒரு முழ நீளம். உட்கார்ந்த இடத்தில் இருந்தபடி எதிலும் குற்றம் கண்டுபிடிப்பதால் ஊர் வைத்த பெயர் மாமியார்ப் பெட்டி.

தானாக ஓடும் கார்களெல்லாம் சென்னையோடு சரி. ஆடும் மாடும் டிராக்டரும் எதிர்த்திசையில் வரும் கரிசல் காட்டு ரோட்டில் அவை மிரண்டுபோய் நடுவழியில் நின்றுவிட்டன. இங்கே இன்னும் மனிதர்கள்தான் ஓட்டினார்கள், கியர் போட்டு, கிளட்ச் மிதித்து.

"மறுசோதனைக்கு இரண்டு வாய்ப்புகள் உள்ளன" என்றது பெட்டி, இனிமையான பெண் குரலில். "இரண்டிலும் பொருந்தாவிட்டால் வாகனம் முத்திரையிடப்படும். ஓட்டுநர் மீது வழக்குப் பதியப்படும்."

செண்பகவல்லி கண்ணாடியில் தம்பியைப் பார்த்தாள். அவனுக்கு வாரம் மூன்று முறை டயாலிசிஸ். போன தடவை ஆஸ்பத்திரியில் மெஷின் ரிப்பேர் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். இப்போது அவன் கால்கள் இரண்டும் வீங்கி, செருப்பு நுழையாமல் கிடந்தன. படுத்தால் மூச்சு முட்டியது. "இன்னைக்கு விட்டுட்டா நெஞ்சுல நீர் கோத்துக்கிடும்மா. எப்பாடு பட்டாவது கொண்டாந்து சேத்துருங்க" என்று டாக்டர் போனில் மழுப்பாமல் சொல்லியிருந்தார். டவுன் ஆஸ்பத்திரி கூப்பிடு தூரத்தில் இல்லை. நடக்கிற தூரத்திலும் இல்லை.

"நீ எறங்கி வேற வண்டிய நிப்பாட்டிப் பாரேன்டா. உன் பக்கம் கதவு தொறக்கும்ல?"

"தொறக்கும். எவன் ஏத்துவான்? மாட்டுன வண்டி ஆள ஏத்துனா அவனும் உடந்தைங்கான். மொத நாளு, எல்லாவனுக்கும் வயித்தக் கலக்கிக்கிட்டு இருக்கு."

அவசரப் பட்டன் ஒன்று முன்பு இருந்தது. சில வண்டிகளில் மட்டும் பெட்டியை வைத்துப் பார்த்த ஒத்திகை மாதத்தில் மாட்டிக்கொண்டவர்களில் பாதிப்பேர் அதை அழுத்தி, பிரசவ வலி என்று பதிவு செய்தார்கள். அதில் மீசை வைத்தவர்களும் உண்டு. பட்டனை எடுத்துவிட்டார்கள். செண்பகவல்லி ஆம்புலன்ஸைக் கூப்பிட்டாள். வண்டி இருக்கிறது, ஆனால் டிரைவரின் கை பொருந்தாமல் டோல்கேட்டில் நிற்கிறது என்று பதில் வந்தது.

"சரி, மறுசோதனைய எடு" என்றான் பூவலிங்கம். "பதறாம ஓட்டு. எட்டு வருஷத்துக்கு முந்தி டெஸ்ட் குடுத்தேல்ல, அப்ப டெஸ்ட் கார் மெஷின்ல பதிஞ்ச கையோடதான் ஒப்பிட்டுப் பாக்கும். நீ எப்படி வளைக்கிற, கிளட்ச்ச எம்புட்டு நேரம் புடிக்கிற, பிரேக்க எப்பத் தொடுற, எல்லாம். கையெழுத்து மாதிரி. காலேஜ் படிச்சாலும் பள்ளிக்கூடத்துக் கையெழுத்து அடியில இருக்குமாம்." அவன் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருந்தவன். சிறுநீரகம் கெட்ட பிறகும் மூளை சும்மா இருக்கவில்லை.

சர்வீஸ் ரோட்டில் எதிரே தெரிந்த வளைவுவரை போய்த் திரும்பி வர வேண்டும். செண்பகவல்லி பூப்போல ஓட்டினாள். வளைவுக்கு வெகு முன்பே பிரேக்கை மெல்லத் தொட்டு, கிளட்ச்சை முழுசாக விட்டு, பின்சீட்டில் இருந்தவன் அசங்காமல் திருப்பிக்கொண்டு வந்தாள். இதைவிட நன்றாக அவளால் ஓட்ட முடியாது.

"ஓட்டுநரின் கை பொருந்தவில்லை. ஒரு வாய்ப்பு மீதம் உள்ளது."

அவள் ஸ்டீயரிங்கில் ஓங்கி அடித்தாள். பயத்தில் அடித்ததாக நினைத்தாள். கொஞ்ச நேரத்தில் அது கோபம் என்று தெரிந்தது. திருடியிருந்தால், ஏமாற்றியிருந்தால் தலைகுனியலாம். தன் காரைத் தன் கையால் ஓட்டியதற்கு, அது உன் கை இல்லை என்று ஒரு டப்பா சொல்கிறது.

முன்னால் இன்னும் நாலைந்து கார்கள் இதேபோல ஓரங்கட்டி நின்றன. அடுத்த காரின் ஜன்னலுக்கு வெளியே பல் டாக்டர் அமலன் தலையை நீட்டிக் கத்திக்கொண்டிருந்தார். "என்கிட்ட ஒரிஜினல் லைசென்ஸ் இருக்குய்யா! ஒரிஜினலு!"

பூவலிங்கம் அவரையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு தன் பக்கக் கண்ணாடியை இறக்கினான். "டாக்டர், கார் எங்க பழகுனீங்க?"

"அந்தோணியார் டிரைவிங் ஸ்கூல். ஏன்?"

"உங்களுக்கு முன்னால நிக்கிறவரையும் கேளுங்க."

கேள்வி காருக்குக் கார் போய், பதில் திரும்பி வந்தது. அந்தோணியார். அந்தோணியார். அந்தோணியார். கடைசியில் நின்ற பாத்திரக்கடைக்காரர் மட்டும் தன் மனைவியும் அங்கேதான் பழகினாள் என்று சேர்த்துச் சொன்னார்.

"அக்கா, டெஸ்ட் அன்னைக்கு உன் பக்கத்துல யாரு இருந்தா?"

"மாஸ்டர் சூசைமாணிக்கம் சார்தான். பெறகு யாரு?"

கேள்வியை வாங்கிய வேகத்திலேயே அவளுக்குப் புரிந்துவிட்டது. டிரைவிங் ஸ்கூல் காரில் கிளட்ச்சும் பிரேக்கும் இரண்டு ஜோடி. ஒரு ஜோடி பழகுகிறவருக்கு, இன்னொன்று இடப்பக்கம் உட்கார்ந்திருக்கும் மாஸ்டருக்கு. டெஸ்ட் அன்று ஆர்.டி.ஓ. ஆபீஸ் பிரேக் இன்ஸ்பெக்டர் பின்சீட்டில் ஏறி, கவரை வாங்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருப்பார். மாஸ்டர் குனியாமலே வலது கையை ஸ்டீயரிங்கின் அடிப்பக்கம் கொடுத்திருப்பார், காலைத் தன் பெடலில் வைத்திருப்பார். 'நீ சும்மா புடிச்ச மாதிரி இரு.' ஊரில் எல்லாரும் அப்படித்தான் பாஸானார்கள். அது ஏமாற்று என்றுகூட யாருக்கும் தோன்றியதில்லை. கல்யாண வீட்டில் மொய் வைப்பது போல அது ஒரு வழக்கம்.

செண்பகவல்லிக்கு அந்த நாள் நன்றாக நினைவிருந்தது. டெஸ்டுக்கு முன்பே அவள் நன்றாக ஓட்டுவாள். "காலை எடுங்க சார், நானே போட்டுக்கிடுதேன்" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். "பொம்பளப் பிள்ளைக்கு எதுக்கு ரிஸ்க்கு? பாஸாகணுமா வேண்டாமா?" என்று அவர் சிரித்தார். அவள் கால் போவதற்குள் அவர் கால் போய்விட்டது. அவள் பேரில் பதிவானது அவர் கைதான்.

பூவலிங்கம் சூசைமாணிக்கத்துக்குப் போன் போட்டு, சத்தமாகக் கேட்கும்படி வைத்து, டெஸ்ட் அன்று ஓட்டியது அவர்தானே என்று கேட்டான்.

"நானா? யாரு சொன்னா?" என்றது குழறலான குரல். "நான் ஒரு தொழில் தர்மம் உள்ளவன் தம்பி."

"சார், எந்தம்பி மூச்சு வாங்கிக்கிட்டுக் கெடக்கான்" என்றாள் செண்பகவல்லி. "இந்தக் கார் உங்க கையைத்தான் கேக்குது. நீங்க வந்து ஓட்டிக் குடுங்க. உங்க பேரை யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

அந்தப் பக்கம் கட்டில் கிரீச்சிட்டது.

"எனக்கு வாதம் வந்து ஒரு பக்கம் இழுத்துருச்சும்மா. இந்தக் காலு இப்ப என் பேச்சயே கேக்காது, வண்டியா கேக்கும்?" பிறகு, எப்படியும் தலை நனைந்துவிட்டது என்பது போல, "இன்னொண்ணு. எனக்கு லைசென்ஸே கெடையாது. நாலு தடவ போனேன், நாலு தடவயும் ஃபெயிலு. வளைவுல பிரேக் லேட்டா போடுதேனாம். அதுக்கப்புறந்தான் மச்சினன் பேர்ல ஸ்கூல் ஆரம்பிச்சேன்."

பூவலிங்கம் சிரிக்க முயன்று இருமினான். இருமல் நிற்கவில்லை. செண்பகவல்லி திரும்பி அவன் முதுகை நீவ முடியாமல், பூட்டிய கதவுக்கும் சீட் பெல்ட்டுக்கும் நடுவே தவித்தாள். அவன் உதடு லேசாக நீலம் பாய்ந்திருந்தது.

"பெட்டி ஒரு ஆளுக்கு ஒரு கைன்னுதான் பாக்குது" என்று மூச்சுக்கு நடுவே சொன்னான் அவன். "ஊருக்கே ஒரே கைன்னு அதுக்குத் தெரியாது. யாரும் அதக் கேக்கச் சொல்லல."

"செண்பகவல்லி, நீ என்ன செய்யி..." என்று சூசைமாணிக்கம் ஆரம்பித்தார். "மொதல்ல கிளட்ச்ச..."

"நீங்க வாய மூடுங்க சார். உங்க காலு எனக்குத் தெரியும்."

போனை அணைக்கச் சொன்னாள். ஒரு மாதம் அந்தக் காலோடு சண்டை போட்டவள் அவள். அரை கிளட்ச்சிலேயே வண்டியை இழுப்பார். எஞ்சின் உறுமும், கருகல் வாடை வரும். வளைவு வரும்வரை பிரேக்கைத் தொடமாட்டார். வந்த பிறகு தட், தட் என்று இரண்டு தட்டு. ஸ்டீயரிங்கை வெட்டித் திருப்பிவிட்டு, பாதியில் நினைவு வந்தது போலச் சரிசெய்வார். மோசமான டிரைவர். அப்படி ஓட்டக் கூடாது என்பதைத்தான் அவள் அவரிடம் கற்றுக்கொண்டாள்.

மறுசோதனையைத் தொடங்கினாள். தன் காலைத் தானே அடக்கி, இன்னொருவர் காலாக அதை மிதிப்பது அவ்வளவு லேசாக இல்லை. வளைவு நெருங்க நெருங்க கால் பிரேக்குக்குத் தாவியது. தொடையைக் கையால் குத்தி அடக்கினாள். வளைவு மேலே வந்து விழுந்தபோதுதான் தட்டினாள். தட், தட். பின்சீட்டில் பூவலிங்கம் கதவோடு மோதி முனகினான்.

"வணக்கம், செண்பகவல்லி" என்றது பெட்டி. "தங்கள் கை உறுதி செய்யப்பட்டது. இன்று மீண்டும் பொருந்தாவிட்டால் வாகனம் முத்திரையிடப்படும். பாதுகாப்பாக ஓட்டுங்கள்."

முன்கார்களில் இருந்தவர்கள் கை தட்டினார்கள். செண்பகவல்லிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. சந்தோஷத்தில் இல்லை. பல் டாக்டரைக் கடக்கும்போது ஜன்னல் வழியே, "அரை கிளட்ச், ரெண்டு தட்டு, லேட்டு பிரேக்கு!" என்று மட்டும் கத்திவிட்டுப் போனாள்.

டவுன் வரைக்கும் அவள் சூசைமாணிக்கமாகவே ஓட்டினாள். கார் உறுமியது, குலுங்கியது, கருகியது. எதிரே வந்த பஸ்ஸை ஒட்டி உரசினாற்போல் வெட்டி விலகினாள். "பரவால்லக்கா, மெதுவா" என்று பூவலிங்கம் சொன்னான். மெதுவாகப் போனால் அது அவள் கை ஆகிவிடும். அவளால் மெதுவாகப் போக முடியவில்லை. ஸ்டீயரிங் வேர்வையில் வழுக்கியது.

ஆஸ்பத்திரித் தெருவுக்குள் திரும்பினாள். கேட் தெரிந்தது. எதிர்ச்சாரி மெஸ்ஸிலிருந்து ஒருவர் தூக்குவாளியும் வெந்நீர் பிளாஸ்க்கும் பிடித்துக்கொண்டு ரோட்டைக் கடந்தார். உள்ளே யார் படுத்திருந்தார்களோ, அவர் கண் கேட்டில்தான் இருந்தது. இந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

சூசைமாணிக்கம் இன்னும் பிரேக்கைத் தொட்டிருக்க மாட்டார்.

செண்பகவல்லி யோசிக்கவில்லை. அவள் கால் போனது, அவளுடைய சொந்தக் கால். சீராக, அழுத்தமாக, ஒரே மிதி. கார் அந்த மனிதரின் வேட்டியைத் தொடாமல் நின்றது. பிளாஸ்க் கீழே விழுந்து உருண்டது. அவர் காரைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், கையெடுத்துக் கும்பிட்டார்.

"ஓட்டுநரின் கை பொருந்தவில்லை" என்றது பெட்டி. "வாகனம் முத்திரையிடப்பட்டது."

அவள் கத்திய கத்தலில் கேட்டிலிருந்து ஆட்கள் சக்கர நாற்காலியோடு ஓடிவந்தார்கள். பூவலிங்கத்தைத் தூக்கி உட்காரவைத்தார்கள். அவன் போகும்போது அவள் ஜன்னலில் கையை வைத்து, "நல்ல பிரேக்குக்கா" என்றான். கண்ணாடியில் அவன் கை வேர்த்த தடம் கொஞ்ச நேரம் இருந்தது.

பிரேக் இன்ஸ்பெக்டர் தவமணி வந்து சேர்ந்தபோது அவனை மெஷினில் போட்டுவிட்டதாக நர்ஸ் வந்து சொல்லியிருந்தாள். செண்பகவல்லிக்குப் பாதி உயிர் வந்திருந்தது. தவமணி கதவைத் திறந்துவிட்டார். நாற்பது வயதிருக்கும், காலையிலிருந்து திட்டு வாங்கிய முகம். கையில் இருந்த பலகைத் திரையைத் தேய்த்துப் பார்த்தார்.

"பைபாஸ்லேர்ந்து இங்க வரைக்கும் ஓட்டுனது செண்பகவல்லி. சரியாப் பொருந்துது. கடைசி பிரேக் மட்டும் வேற ஆள் போட்டதாக் காட்டுது. யாரும்மா அது?"

"நான்தான் சார்."

"அப்ப இங்க வரைக்கும் ஓட்டுனது?"

"அது நான் இல்ல. சூசைமாணிக்கம் சார்."

அவர் காருக்குள் எட்டிப் பார்த்தார். "அவர் எங்க?"

"வீட்ல படுத்துருக்காரு."

தவமணி சிரிக்கவில்லை. சுற்றும்முற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "ஒண்ணு சொல்றேன், கேட்டுக்கோங்க. பிரேக் போடுறப்ப கால் மரத்துப்போச்சுன்னு சொல்லுங்க. 'உடல் கோளாறு, ஓட்டுநர் கை அல்ல'ன்னு போட்டு மூடிடுறேன். கார் கெடைச்சுரும். தம்பிய நாளக்கழிச்சுக் கூட்டிட்டு வரணும்ல?"

அது உண்மைதான். அவள் உள்ளே போய்விட்டால் அவனை வாரம் மூன்று முறை யார் கொண்டுவருவார்கள்? ஒரு வார்த்தை போதும். கால் மரத்துவிட்டது. அது என் பிரேக் இல்லை. நாளையிலிருந்து ஆயுசு முழுக்க அந்த ஆளைப் போல ஓட்டிக்கொண்டு போகலாம், ரோட்டில் அடுத்த தூக்குவாளி வரும்வரைக்கும்.

"மாட்டேன் சார்" என்றாள். "அந்தப் பிரேக்கு நான் போட்டது. இன்னைக்கு ஒரு ஆளக் காப்பாத்துனது அந்த ஒரு மிதிதான். அத வேற ஆளுக்கு எழுதிக் குடுக்க மாட்டேன். தம்பிக்கு வேற வழி பாக்கேன். அந்தாளு மாதிரியே ஓட்டுனா என்னைக்காவது ஒரு உசுர வாங்கிருவேன்."

தவமணி பலகைத் திரையை அணைத்தார். "அப்ப ஏறுங்க" என்று ஜீப்பைக் காட்டினார். அவருடைய டிரைவரும் காலையிலேயே எங்கோ மாட்டிக்கொண்டதால் அவரே ஓட்ட வேண்டியிருந்தது. செண்பகவல்லி பின்னால் ஏறி உட்கார்ந்தாள்.

ஜீப் உறுமிக்கொண்டு கிளம்பியது. அவள் மூக்கில் மெல்லிய கருகல் வாடை ஏறியது. அரசாங்க வண்டி, பராமரிப்பு அப்படித்தான் என்று நினைத்தாள். தெருமுனை வந்தது. வளைவு மேலே வந்து விழும்வரை ஜீப் வேகம் குறையவில்லை. பிறகு உடம்பு முன்னே போய்ப் பின்னே வந்தது, இரண்டு முறை.

தட், தட்.

அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். முன் கண்ணாடியில் தவமணியின் கண்கள் அவளைச் சந்தித்து விலகின.

"சார்" என்றாள். "நீங்க அந்தோணியார்ல காலை பேட்ச்சா, சாயங்கால பேட்ச்சா?"

தவமணி கியரை மாற்றினார்.

"காலை" என்றார். "ஒத்திகை மாசத்துலயே கண்டுபிடிச்சுட்டேன். தெனம் விடியக்காத்தால ஆளில்லாத கிரவுண்ட்ல அவர மாதிரி ஓட்டப் பழகினேன். பொண்டாட்டிகிட்டகூடச் சொல்லல." கொஞ்சம் பொறுத்து, "இந்த ரோட்லதான் எம்மக பள்ளிக்கூடம். சைக்கிள்ல வருவா" என்றார்.

பள்ளிக்கூடம் விட்டிருந்தார்கள். ரோட்டின் ஒரு பக்கம் முழுக்க நீலச் சீருடைச் சைக்கிள்கள் பேசிக்கொண்டும் சாய்ந்துகொண்டும் வந்தன. வளைவு இன்னும் தூரத்தில் இருந்தது. அரை கிளட்ச்சில் ஜீப் உறுமியது. செண்பகவல்லி முன்சீட்டின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். அவர் கழுத்து நரம்பு விடைத்திருப்பது தெரிந்தது.

பிறகு உறுமல் அடங்கியது. தவமணி கிளட்ச்சை முழுசாக விட்டு, வளைவுக்கு வெகு முன்னாலேயே, மெதுவாக, ஒரே ஒரு முறை பிரேக்கை மிதித்தார். பிள்ளைகள் அவர்களைத் தாண்டிப் போனார்கள்.

"ஓட்டுநரின் கை பொருந்தவில்லை" என்றது ஜீப்பில் இருந்த பெட்டி. வண்டி தானாக ஓரங்கட்டி நின்றது. கதவு பூட்டிக்கொண்டது.

"மறுசோதனைக்கு இரண்டு வாய்ப்புகள் உள்ளன" என்று அது தொடர்ந்தது. தவமணி அதைத் தொடவில்லை. கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"இப்ப நம்மளப் புடிக்க யாரு சார் வருவா?" என்று கேட்டாள் செண்பகவல்லி.

"பக்கத்து ஊர் இன்ஸ்பெக்டர் வருவாரு" என்றார் தவமணி. "அவரு சாயங்கால பேட்ச்."